வால்வுக்கு வைத்த சந்தனம்

எங்கள் மெல்லிசைக் குழுவின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர், டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழல் வால்வுகள் செருகிய பழைய செட். அவ்வப்போது வால்வுகளைப் பிடுங்கி, சாக்கெட் துளைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, தளர்ந்த பிடிகளை ஊசியால் நெருக்கிவிடுவது என் வேலை. படித்த இயற்பியலுக்குத் திண்டுக்கல்லில் கிடைத்த ஒரே உபயோகம் அதுதான்.

ஆயுத பூஜையன்று நான் ஊரில் இல்லை. கிட்டார் வாசிக்கும் நண்பன் பக்தியோடு ஒவ்வொரு வால்வுக்கும் சந்தனம் வைத்திருக்கிறான். தண்ணியாய்க் கரைத்த சந்தனம் வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கிவிட்டது. அது காய்வதற்குள் சுவிட்சைப் போட்டு ஒத்திகையும் பார்த்துவிட்டார்கள்.

நான் திரும்பி வந்து கழற்றினால், பெரிய வால்வின் சாக்கெட்டில் இரண்டு துளைகளுக்கு நடுவே பேக்கலைட் பிளாஸ்டிக் கருகிக் கிடக்கிறது. சனிக்கிழமை தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலில் கச்சேரி. எங்களுக்குக் கிடைத்த முதல் மேடை.

"சொரண்டி விட்டா சரியாப் போகாதா மாப்ளே?"

"கரி ஏறிப்போச்சுடா. இனிமே அந்தக் கரியே கரண்டைக் கடத்தும். வால்வுக்குப் போயி எவனாச்சும் பொட்டு வைப்பானா?"

"பஸ்ஸுக்கே வைக்கிறாய்ங்க. இம்புட்டு ஒழைக்குது, இதுக்கு வைக்கக் கூடாதா?"

சுரண்டிப் பூட்டினேன். செத்த நேரம் பாடிவிட்டு, படபடவென்று பொரிந்து அடங்கியது. புது சாக்கெட்டுக்காக மதுரை வரை போய்க் கடை கடையாய்க் கேட்டேன். "டிரான்சிஸ்டர் வந்தப்புறம் அதையெல்லாம் யாருப்பா வைக்கிறா?" என்றார்கள்.

சனிக்கிழமை தாடிக்கொம்பில் வேறு குழு வாசித்தது. அதன்பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. வால்வு மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பொட்டோடு. அது உட்காரத்தான் இடமில்லை.