போனோடு வந்த காவல்காரன்

விடுமுறைக்கு வந்த கணவர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன புது போனைத் திறந்தால், நான் கேட்காத ஆப்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ரம்மி ஆட ஒன்று, கடன் கொடுக்க ஒன்று, செய்தி சொல்ல ஒன்று. பத்திரிகை வைக்காமலே பந்தியில் வந்து உட்கார்ந்த கூட்டம். அதில் எனக்குப் பிடித்தது மோசடி அழைப்புகளைத் தடுக்கும் ஆப் மட்டும்தான். வடக்கே நாங்கள் குடியிருக்கும் மயூர் விஹாரில் எங்கள் கீழ்வீட்டு ஆன்ட்டி போனில் ஏமாந்ததிலிருந்து, தெரியாத நம்பரைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம். அது பாட்டுக்குக் காவல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கணவருக்குப் பட்டாளத்தில் வேலை, பனிமலை எல்லையில். அங்கே அவருடைய சிம்முக்குச் சிக்னல் கிடையாது. சிக்னல் உள்ள யாருடைய போனையாவது வாங்கி, ஞாயிறு மாலை ஒரே ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார். பின்னால் வரிசை நிற்குமாம். நானும் அதே நம்பருக்கு ஒரு ரிங் விட்டு வைப்பேன். அவர் நன்றாக இருக்கிறார், நாங்களும் நன்றாக இருக்கிறோம் என்று அர்த்தம்.

ஒரு ஞாயிறு அந்த ரிங் வரவில்லை. பனி அதிகம் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துச் செய்தி ஆப் டிங்கென்றது: ‘எல்லையில் பனிச்சரிவு! வீடியோவைப் பார்த்தால் உறைந்துபோவீர்கள்!’ திறந்தால் முதலில் ஷாம்பு விளம்பரம். அது முடிவதற்குள் மூடிவிட்டேன். யூனிட் ஆபீசில் கேட்கலாம்தான். கேட்டு, அவர்கள் பதில் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு மாலை அந்த ஆப் மறுபடி டிங்கென்றதும் போனை மகளிடம் வீசினேன்.

“இந்தச் சனியனையெல்லாம் அழிச்சுத் தொலட்டி!”

“அம்மா, இது போனோட வந்தது. டிலீட் ஆகாது. ஸிர்ஃப் டிஸேபிள்தான்” என்றவள், ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே போய்க் காவல் ஆப்பையும் நிறுத்திவிட்டாள்.

“ஐயையோ, அத ஏன்ட்டி நிறுத்தின?”

“பேட்டரி பூரா இதுதான் காலி பண்ணுது.”

நான் திட்டி முடிக்கவில்லை. போன் ஒரு ரிங் அடித்து நின்றது. நானும் ஒரு ரிங் விட்டேன். உடனே மறுபடி அடித்தது. இந்த முறை நிற்கவில்லை.

“ஏளா, இருக்கியா? புள்ள நல்லா இருக்காளா?” கணவரின் குரல் உடைந்திருந்தது. “வாராவாரம் அடிக்கேன், உங்கிட்டருந்து பதிலே இல்ல. அங்க என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு...”

மலையில் இருப்பவர் எங்களை நினைத்துப் பயப்படுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த மகளுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது.

“வாராவாரம் புது நம்பர், ஒரு ரிங், கட். அச்சா, அதான் ஃப்ராடுன்னு பிளாக் பண்ணிருக்கு” என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் சொன்னேன். “போன்ல ஒரு காவல்காரன் இருந்தான். உங்களத் திருடன்னு நெனச்சு உள்ள விடல.”

“மொதல்ல அவன வெளிய தள்ளு.”

“போக மாட்டேங்கான். தூங்கத்தான் வைக்க முடியுமாம்.”

அவருக்குப் பின்னால் யாரோ “பையா, ஜல்தி!” என்று அவசரப்படுத்தினார். லைன் போய்விட்டது.

போன வாரம் போன் தானாகவே அப்டேட் ஆனது. காவல்காரன் விழித்துக்கொண்டான். இப்போதெல்லாம் ஞாயிறு மாலை விளக்கேற்றுவதற்கு முன்னால், அவன் தூங்குகிறானா என்று பார்த்துவிடுகிறேன்.