ஐந்து பொத்தான்கள்

தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்கு வருமுன் பத்து வருடம் தேயிலை மலையில் கொழுந்து எடுத்தவள் நான். என் கைக்குப் பொறுமை கிடையாது. பகல் பன்னிரண்டுக்குத் தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போக வருவார்கள். ஒரு மணி நேரத்தில் லயத்து வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு ஊட்டி, தாங்களும் சாப்பிட்டு மலைக்குத் திரும்ப வேண்டும். அவர்கள் வாசலுக்கு வருவதற்குள் பதினான்கு பிள்ளைகளுக்கும் ஸ்வெட்டர் மாட்டி, வரிசையாக நிறுத்திவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமைக்கு ஆப்பு வைத்தவள் ஐந்து வயதாகப் போகிற ஒருத்தி. பொத்தானோ, டப்பா மூடியோ, எதைக் கொடுத்தாலும் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். பிறகு கையை நீட்டி, "ஏலாது டீச்சர்" என்பாள். ஜனவரியில் அவளை ஸ்கூலில் சேர்க்க வேண்டும்.

"அங்கயும் இப்படியே கைய நீட்டிக்கிட்டு நின்னா என்னாங்க டீச்சர் செய்யிறது?" என்று அவள் அம்மா ஒருநாள் கண் கலங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது, பிள்ளையின் மேல் இல்லை. அப்படி நிற்கப் பழக்கியதே நான்தானே!

மறுநாள் பதினொன்றரைக்கே ஸ்வெட்டரை அவளிடம் கொடுத்துவிட்டு, என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏலாது" என்றாள்.

"எங்க சிக்கிக்கிட்டு நிக்குதுன்னு பாரு."

பொத்தான் பாதி நுழைந்து வழுக்கியது. அழுதாள். என் விரல்கள் பரபரத்தன. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பொத்தானைத் தள்ளுவதை விட்டுத் துளையை இழுத்துப் பிடித்தாள். நுழைந்துவிட்டது. அப்படியே மேலிருந்து நாலு பொத்தான் போட்டாள்.

அம்மா வந்து நின்றபோதுதான் தெரிந்தது, ஐந்தாவதற்குத் துளை இல்லை. முதல் பொத்தானே ஒரு துளை தள்ளி விழுந்திருந்தது. பிள்ளை குனிந்து பார்த்தாள். எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினாள். வெளியே மழை, அம்மாவின் சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கை தானாக நீண்டது.

பட்டென்று தட்டிவிட்டாள்.

"கைய எடுங்க டீச்சர். நான் இன்னும் முடிக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். மலை வேலைக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளை இந்த முறை கீழிருந்து தொடங்கினாள்.