டார்ச் மேடம் கார் வாங்கியது

விபத்தில் சிக்கிய கார்களைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர் அவள். பட்டப்பகலிலும் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பாள் என்பதால் ஒர்க்‌ஷாப்களில் அவளுக்கு டார்ச் மேடம் என்று பெயர். பதினொரு வருடமாக இதே வேலை. நசுங்கிய கதவும் வளைந்த ஸ்டியரிங்கும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஓடுகிற காரில் ஏறி உட்கார்ந்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். லைசென்ஸ் இருந்தும் ஆறு வருடமாக அவள் வண்டி ஓட்டவில்லை.

காரணம் ஒரு கார். வெளிநாட்டுக் கம்பெனியின் பெரிய வண்டி. முன்பக்கம் மட்டும் அப்பளமாகியிருந்தது. ஆள் உட்காரும் இடத்தில் கீறல்கூட இல்லை. இதில் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைத்துக்கொண்டே பின்சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள். குழந்தையின் ஷூ ஒன்று கிடந்தது, ஒற்றைக்கால் ஷூ. பின்சீட்டு பெல்ட்டுகளை யாரோ சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த குழந்தை பெல்ட் போட்டிருக்க வழியே இல்லை. அறிக்கையை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டு, ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். அப்போது அவள் மகளுக்கு மூன்று வயது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் கார் பேச்சை எடுக்கும்போதெல்லாம், நிறுத்த இடமில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று தட்டிக் கழித்தாள். மகளுக்குத் தூரத்துப் பள்ளியில் இடம் கிடைத்ததும் அந்தச் சாக்குகள் தீர்ந்துபோயின.

கணவருடைய அக்கா புருஷனுக்குத் தான் கார் விஷயத்தில் கரைகண்டவர் என்ற நினைப்பு. அவர்கள் கார் வாங்கப் போவதைக் கேள்விப்பட்டதும் வந்து உட்கார்ந்தார்.

"வெளிநாட்டுக் கம்பெனி வண்டியா எடுங்க. உள்நாட்டு வண்டி ஆறே மாசத்துல கடகடன்னு ஆடும். பிரேக்கையும் நம்ப முடியாது."

"உள்நாட்டு வண்டின்னா ஸ்பேர் பார்ட்ஸ் எந்த மூலையிலயும் கிடைக்கும்னு சொல்றாங்களே மாமா," என்றார் கணவர்.

"அடிக்கடி கெட்டுப்போகுது, அதான் எல்லா மூலையிலயும் வாங்கி வச்சிருக்கான்."

அவள் காய்கறி நறுக்குவதை நிறுத்தினாள். "அண்ணே, உங்க வண்டி வெளிநாட்டுக் கம்பெனிதான். ஆனா இங்கயே பக்கத்து ஊர்ல செஞ்சது. எங்க செஞ்சதுன்னு கதவுக்கு உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்க. நீங்க குறை சொல்ற உள்நாட்டு வண்டியோட கியர்பாக்ஸ் கப்பல்ல வருது."

"எங்க செஞ்சா என்ன? பேரு யாரு பேரும்மா? அதச் சொல்லு."

ரெண்டு வகையும் நசுங்கித்தான் என்னிடம் வருகின்றன என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அந்த ஷூவும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று தோன்றியது. மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டு வகையிலும் ஒவ்வொரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனார்கள். வெளிநாட்டுக் கம்பெனி வண்டியில் கணவரின் முகம் மலர்ந்தே இருந்தது. உள்நாட்டுக் கம்பெனியின் ஷோரூமுக்கு வந்தபோது தூறல் ஆரம்பித்திருந்தது. கணவர் ஓட்ட, விற்பனையாளர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளும் மகளும் பின்னால். மகளுக்கு பெல்ட் மாட்டிவிட்டு நிமிர்ந்தவள், முன்சீட்டுகளின் பெல்ட் பூட்டு இரண்டிலும் வெறும் கொக்கி செருகியிருப்பதைப் பார்த்தாள்.

"பெல்ட் போடலைன்னா கீ கீன்னு கத்தும் மேடம், அதான்," என்றார் விற்பனையாளர்.

"அதை எடுத்துட்டு பெல்ட்டைப் போடுங்க. ரெண்டு பேரும்."

"அஞ்சு நிமிஷம்தானேம்மா," என்றார் கணவர்.

"போடுங்கன்னு சொன்னேன்."

அவள் குரலில் என்னவோ இருந்தது. இருவரும் கொக்கியைப் பிடுங்கிவிட்டு பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்கள்.

புறவழிச் சாலையில் முன்னால் ஒரு லாரி இரும்புக் குழாய்களை ஏற்றிக்கொண்டு போனது. குழாய்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளிப் போங்க என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, லாரி சடாரென்று நின்றது. கணவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெடல் அவர் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது.

"பிரேக் போச்சு," என்று காலை எடுத்துவிட்டார்.

வண்டி ஈரச் சாலையில் உருண்டுகொண்டே முன்னே போனது. குழாய்களின் வாய்கள் கண்ணாடியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டே வந்தன. தன் குரல் எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"மிதிங்க! அதிர்ந்தாலும் விடாம மிதிங்க!"

அவர் மிதித்தார். மறுபடி தடதடவென்றது. வண்டி நின்றபோது கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. "ஏம்மா கத்தின?" என்று மகள் கேட்டாள். மகளின் பெல்ட்டைப் பிடித்திருந்த விரல்களை அவளால் பிரிக்க முடியவில்லை.

ஓரமாக நிறுத்திவிட்டு அவளும் கணவரும் இறங்கினார்கள்.

"மாமா சொன்னது சரியாப் போச்சு பாத்தியா. உள்நாட்டு பிரேக்," என்றார் கணவர்.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஈரத்துல சக்கரம் பூட்டிக்கக் கூடாதுன்னு அதுவா விட்டு விட்டுப் பிடிக்கும். கால்ல அப்படித்தான் அதிரும். காலையில ஓட்டினீங்களே, அதுலயும் இதே பிரேக்தான். அதுல அதிர்ந்திருந்தா காலை எடுத்திருப்பீங்களா?"

அவர் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். பிறகு, "எடுத்திருக்க மாட்டேன்," என்றார்.

அப்போதுதான் அவள் அந்த ஷூவைப் பற்றிச் சொன்னாள். தூறலில் நனைந்தபடி, கோர்வையில்லாமல், ரப்பர் பேண்ட் வரைக்கும் சொன்னாள். கேட்டு முடித்தவர் திரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்த மகளின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா இத நீ தனியாவா வச்சிருந்த?" என்றார்.

அடுத்த இரண்டு மாதம் அவர்கள் எந்த வண்டியும் வாங்கவில்லை. மோதல் சோதனை அறிக்கைகளை அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். உள்நாடு, வெளிநாடு இரண்டு பக்கமும் நல்லதும் இருந்தது, மட்டமானதும் இருந்தது. ஒரே கம்பெனி ஒரு வண்டியில் நல்ல பெயர் வாங்கி, இன்னொன்றில் மண்ணைக் கவ்வியிருந்தது. கடைசியில் வாங்கியது உள்நாட்டு வண்டிதான். அதற்காக எல்லாரும் அதையே வாங்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா புருஷன் வந்து கதவை மூன்று தடவை சாத்திப் பார்த்துவிட்டு, "சத்தம் பரவாயில்ல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மழை விட்டதும் கணவனும் மனைவியும் ஊருக்கு வெளியே ஆளில்லாத மைதானத்துக்குப் போனார்கள். வேகமாகப் போய், பெடல் அதிரும்வரை மிதித்து, காலை எடுக்காமல் வண்டியை நிறுத்தப் பழகினார்கள். முதலில் அவர், பிறகு அவள்.

அவள் தனியாக ஆபீசுக்கு ஓட்டிப் போன முதல் நாள், இருபது நிமிட வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். நிறுத்தி இஞ்சினை அணைத்த பிறகும் பத்து நிமிடம் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வண்டியைத் தொடவில்லை. அதற்கு மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, அப்படியே ஆபீசுக்கும் ஓட்டிக்கொண்டு போனாள்.