கைப்பையோடு இறங்கிய டிரைவர்

ஆபீஸில் அவளுக்குப் பேரே சீல் அக்காதான். வருகிற காகிதத்துக்கெல்லாம் சீல் குத்துகிற வேலை. குத்திக் குத்திப் பழகி, வீட்டில் பேசும்போதுகூட கடைசியில் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் அவளுக்குப் பேசி முடித்த மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் சாப்பிடும்போது, "என்னங்க, வேலையை விட்டுட்டேன். பஸ் ஓட்டப் போறேன்" என்று சொல்லி டங்கென்று ஒரு தட்டுத் தட்டினாள். எதிரே சலூன்கார புருஷன். வாயில் வைத்த கவளம் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? இந்த வயசுல எவனாவது..."

"எவனும் இல்லங்க, நான்தான்."

ஏதோ திடீர்க் கிறுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் போகிற பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட், வருஷக்கணக்காக அவளுடையது. கண்ணெல்லாம் டிரைவர் கையில்தான். அவர் பிரேக் பிடித்தால் இவள் காலும் தரையை அழுத்தும். வீட்டில் டிவியில் ஒரு கார் வேகமாக வந்தாலும் அதே கதைதான். "யாரைடி காப்பாத்துற?" என்று புருஷன் கிண்டலடிப்பார். ஒரு நாள் பஸ் கம்பெனி டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறது, பெண்களும் வரலாம் என்று பஸ் முதுகிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை.

லைசென்ஸ் வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. முதல் தடவை ரிவர்ஸில் மைதானத்துப் பீப்பாயை இடித்துத் தள்ளினாள். இரண்டாம் தடவையும் அதே பீப்பாய்தான். "அந்தப் பீப்பாய்க்கு என்மேல அவ்வளவு பிரியம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாளே தவிர, சோர்ந்து உட்காரவில்லை. மூன்றாம் தடவை பீப்பாய் தப்பித்தது, லைசென்ஸும் கைக்கு வந்தது.

ஆனாலும் ஒரு கண்டம் பாக்கி. முதல் நாள் பயணிகளோடு ஓட்டும்போது கம்பெனி இன்ஸ்பெக்டர் கூடவே உட்கார்ந்து பார்ப்பார். அவர் வேண்டாம் என்றால் வேலை கிடையாது. பழைய மேனேஜர் தங்கமான மனுஷன், மாசக் கடைசி வரை அவள் நாற்காலியை யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். சலூன்காரர் அந்த நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த நாற்காலி இருக்குல்ல? சரிப்படலேன்னா பேசாம போய் உட்கார்ந்துடும்மா" என்றார், அந்த முதல் நாள் காலையிலும்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு, வாயைக் கழுவுங்க! எல்லாம் அருமையா நடக்கும், பாருங்க." தட்ட மேஜை பக்கத்தில் இல்லை. கதவில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அடேயப்பா, என்னமாய் ஓட்டினாள்! அவ்வளவு பெரிய பஸ் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பியது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினாள், குறுக்கே வந்த சைக்கிள்காரருக்கு வழிவிட்டாள். முதல் சீட்டில் இன்ஸ்பெக்டர் உம்மென்று இருந்தார். பரவாயில்லை, அந்த முகமே அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டாள். வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

பழைய ஆபீஸ் ஸ்டாப் வந்தது. அலுங்காமல் நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள், இன்ஜினை அணைத்தாள், சாவியை எடுத்தாள், கதவைத் திறந்தாள். அப்புறம் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்குகிற கூட்டத்தோடு கூட்டமாக அவளும் இறங்கிவிட்டாள்!

நாலு எட்டு வைத்திருப்பாள். எதிரே வந்த ஆபீஸ் தோழி கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா! திரும்பி வந்துட்டீங்களா? எனக்குத் தெரியும். உங்க நாற்காலி அப்படியே இருக்குக்கா, வாங்க!"

அப்போதுதான் உறைத்தது. உள்ளங்கையில் சாவி. திரும்பிப் பார்த்தாள். பஸ் நிறைய ஜனம். ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு முகம், எல்லா முகமும் அவளையே பார்க்கிறது. டிரைவர் சீட் மட்டும் காலி. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். அடுத்த நொடியே, இவ்வளவு பேரும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது. சந்தோஷமாகத் தோழியிடமிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"அந்த நாற்காலியை யாருக்காவது குடுத்துடச் சொல்லுடி. என் சீட்டு அங்க காலியா இருக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"எங்கம்மா போனீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆபீஸுக்கு சார்." பொய் சொல்ல வாய் வரவில்லை. "இத்தனை வருஷமா இங்கதான் இறங்குவேன். கால் அதுபாட்டுக்குப் போயிடுச்சு. இனிமே போகாது சார்."

அவர் எட்டி ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தார், அவள் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "வண்டியை விட்டு இறங்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதையெல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க" என்றார். உம்மென்ற முகம் அதற்குமேல் தாங்கவில்லை, குபீரென்று சிரித்துவிட்டார். "நாளையிலேர்ந்து கைப்பையைக் கொண்டு வராதீங்கம்மா. இப்ப எடுங்க வண்டியை."

நாளையிலிருந்து என்று சொன்னாரே! அவள் ஸ்டியரிங்கில் டங்கென்று தட்டினாள். அது ஹார்னில் பட்டு, தெருவே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலை முதல் சீட்டில் சலூன்காரர் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக அவர் காலும் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பழைய ஆபீஸ் ஸ்டாப்பில் நிறுத்தி, கதவைத் திறந்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"இறங்க வேண்டியவங்க எல்லாம் இறங்கியாச்சா?"

சலூன்காரர் அந்த ஆபீஸ் வாசலை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"எல்லாரும் இறங்கியாச்சு. நீ ஓட்டும்மா."