அரசிக்கும் மகளுக்கும் ஒரு பூசை

மொன்றியல், நவம்பர் 2007. தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் வரிசையில் நிற்கிறேன். நாளை மரித்தோர் பூசை. அதில் வாசிக்க வேண்டிய பெயர்களை மேரியம்மா காகிதத் துண்டுகளில் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய சொந்தத் துண்டில் இருப்பவர்கள், பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயப் பறங்கியர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கன்னியர் மடத்தில் அடைத்த யாழ்ப்பாண அரசியும் மகளும்.

“எப்பிடிச் செத்தவை?” என்று கேட்கிறேன். நான் ஊரில் முப்பது வருடம் மரணப் பதிவாளராக இருந்தவன். காரணம் எழுதாத படிவத்தை ஏற்றதே இல்லை.

“மடத்தார் காய்ச்சல் எண்டினம், எங்கட ஆக்கள் நஞ்செண்டினம். நானூறு வருசமாகுது ஐயா, செத்தது மட்டும் நிச்சயம். அதுக்கும் அத்தாட்சி வேணுமோ?” என்று சிரிக்கிறார்.

மேரியம்மாவின் மகள் ஊரில் போருக்குள் காணாமற்போய்ப் பதினொரு வருடம் என்று பக்கத்தில் நிற்பவர் மெல்லச் சொல்கிறார். அப்படிக் காணாமற்போய் ஒரு வருடம் கடந்தாலே, இறந்ததாகச் சத்தியம் செய்து சத்தியக்கடதாசி கொடுத்து மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று, யாரும் கேளாமலே, மேரியம்மாவுக்கு நடைமுறையை விளக்குகிறேன். நாளைக்கு அந்தப் பெயரையும் வாசிக்கலாமே என்கிறேன்.

மேரியம்மா பேனையை மூடுகிறார்.

“பேரை எழுதினா நானே அவளைச் சாக்காட்டின மாதிரி, ஐயா. அழுறதுக்கு அரசியின்ரை மகள் இருக்கிறா.”