அலுமாரிச் செடிகளின் தண்டு

இத்தாலியில், கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டில் ஒரு பழைய அலுமாரி இருக்கிறது. அதன் தட்டுகளைக் கழற்றி, உள்ளே வெள்ளித்தாள் ஒட்டி, மேலே ஓர் ஊதா விளக்கைத் தொங்கவிட்டு, சின்யோர் என்று நான் அழைக்கும் வீட்டுக்காரர் நான்கு கஞ்சாச் செடிகளை வளர்த்து வந்தார். அவர் துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவர். சிகரெட்கூடப் பிடிக்கமாட்டார். செடிகள் அவருடைய மனைவிக்காக. சின்யோராவுக்கு நரம்பு வருத்தம். இரண்டு கால்களும் விறைத்து இழுக்கும். பூவை எண்ணெயில் காய்ச்சி நாலு சொட்டு நாக்கில் விட்டால் இழுப்பு அடங்கி உறங்குவார்.

அவரைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, சமையல், வீடு துடைப்பது எல்லாம் என் வேலை. பின்னேரம் பகேரியாவில் இருக்கும் என் வீட்டுக்கு ரயில் பிடிப்பேன். சின்யோரா உறங்காத நாட்களில் அன்றைய வேலை இரண்டு மடங்காகிவிடும். ஒவ்வொரு கால் மணிக்கும் அந்தக் கால்களை மடக்கி நீட்டிவிட வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. முதுகு பழைய முதுகு இல்லை.

சொந்தத் தேவைக்கு நாலு செடி என்றால் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று சின்யோர் சொல்வார். நான் அதை முழுதாக நம்பியதில்லை. குவஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் பெர்மெசோவை, வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவன் எதையும் முழுதாக நம்பமாட்டான்.

ஒரு வெள்ளிக்கிழமை சின்யோர் என்னை அலுமாரிக்கு அழைத்தார். அவர் பேசுவது இத்தாலியன்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அது எனக்குள் எங்கள் பேச்சாகவே விழுகிறது.

"உன்ரை அப்பா புகையிலை வைச்சவர் எண்டு சொன்னனியல்லோ. இதைப் பார்த்துச் சொல்லு."

நான்கு தண்டுகளிலும், அவர் அடிக்கிளைகளை வெட்டிய இடங்களைச் சுற்றி, துருப்போலச் செம்மை படர்ந்திருந்தது. சில இடங்களில் அது கீழே வழிந்து மண்ணைத் தொட்டிருந்தது. தண்ணீர் கூடினால் அடித்தண்டு கறுக்கும், குளிர் பட்டால் ஊதாக் கோடு விழும் என்றெல்லாம் அவர் படித்து வைத்திருந்தார். இது இரண்டும் இல்லை. கைபேசியில் படம் படமாகப் பார்த்து, பூஞ்சணம் என்று முடிவு கட்டியிருந்தார்.

"நகத்தாலை சுரண்டிப் பார்க்கட்டோ?" என்றேன்.

"தொடாதை! மற்றதுக்கும் பரவும்."

கட்டிலிலிருந்து சின்யோரா குரல் கொடுத்தார். "ரெண்டு டாக்குத்தர்மாரும் என்ன சொல்லுகினம்? நோயாளி பிழைக்குமோ?"

சின்யோர் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்த்தார். போத்தலில் பத்து நாளைக்குத்தான் எண்ணெய் இருந்தது. பூக்களும் இன்னும் பத்து நாளில் பறிக்கிற பதத்தில் இருந்தன.

அன்று ரயிலில் உட்கார்ந்தபோதுதான் என் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தேன். ஓரத்தில் மஞ்சள். புதன்கிழமை செய்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று சின்யோருக்கு முழங்கால் நோ. விளக்கை அணைத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வெட்டிய இடங்கள் ஈரமாக, பச்சைப் புண்போல இருந்தன. எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வெட்டுப்பட்டாலும் முதலில் மஞ்சள்தான். என் மதியக் கறிக்காக அந்தக் குசினியில் ஒரு சிறு போத்தலில் மஞ்சள்தூள் வைத்திருக்கிறேன். அதைத் தண்ணீரில் குழைத்து, ஒவ்வொரு வெட்டிலும் விரலால் பூசிவிட்டேன். யோசித்துச் செய்த வேலை அல்ல. பிள்ளையின் முழங்காலில் பூசுவதுபோலக் கை தானாகச் செய்தது. ஆனால் நான் பூசியது மஞ்சள், அலுமாரியில் பார்த்தது சிவப்பு. அதனால் எனக்கும் நிச்சயம் இல்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவளும் வீட்டுவேலைதான், வேறொரு வீட்டில்.

"செடிக்கு மஞ்சள் பூசினீங்களோ? பொட்டும் வைச்சு விட்டிருக்கலாமே," என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இஞ்சேருங்கோ, வாயைத் திறவாதேங்கோ. அவை கேட்டா மட்டும் சொல்லுங்கோ. வேலை போனா பெர்மெசோவுக்கு என்ன பேப்பர் காட்டுவீங்கள்?"

"போன் எடுத்துச் சொன்னா என்ன?"

"நீங்கள்? போனிலை? எனக்கே ஓம், இல்லை எண்டு ரெண்டு சொல்லுத்தானே கதைக்கிறனீங்கள்."

அவள் சொன்னது சரி. சனிக்கிழமை இரண்டு தரம் கைபேசியை எடுத்தேன். வசனத்தை இத்தாலியனில் மனதுக்குள் கட்டினேன். திங்கள் நேரில் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தேன்.

திங்கள் காலை கதவைத் திறந்ததும் பச்சை வாசம் மூக்கில் அடித்தது. குசினி மேசையில், பத்திரிகைத் தாளின் மேல், பெரிய செடி வேரோடு கிடந்தது. இலைகள் காய்ந்து சுருண்டிருந்தன. முந்தின நாளே பிடுங்கியிருக்கிறார். பூக்களையும் பூஞ்சணம் என்று குப்பைப் பையில் கட்டிவிட்டார். வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது. அழுகிய வேர் அப்படி இருக்காது.

சின்யோர் கத்தரிக்கோலோடு அடுத்த செடியின் முன் குனிந்திருந்தார்.

"நில்லுங்கோ," என்றேன். அந்த வீட்டில் நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் செடியின் சாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே போனேன். வெயிலில் வைத்ததும் அந்தத் துரு நிறம் மறைந்தது. தண்டில் இருந்தது மஞ்சள், சும்மா கறி மஞ்சள். அந்த ஊதா விளக்கின் கீழேதான் அது சிவப்பாகத் தெரிந்திருக்கிறது. நகத்தால் தோலைக் கொஞ்சம் கிள்ளினேன். உள்ளே பச்சை, இறுக்கம், ஈரம்.

"நான்தான். மருந்தெண்டு நினைச்சுப் பூசினனான்," என்று சொல்லி, மஞ்சள் போத்தலை எடுத்துக் காட்டினேன்.

அவர் போத்தலைப் பார்த்தார். தண்டைப் பார்த்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"வெள்ளிக்கிழமை. ரயிலிலை."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். "கறி வைச்சிட்டாரோ என்ரை மருந்தை?" என்று சின்யோரா உள்ளே இருந்து சிரித்தார். அவருக்கு மட்டும்தான் அது சிரிப்பாக இருந்தது.

மிஞ்சிய மூன்று செடிகளையும் அடுத்த திங்கள் பறித்தோம். எண்ணெய் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பெரிய செடியின் பங்கு அதில் இல்லை. அடுத்த செடிகள் பூப்பதற்கு மூன்று கிழமை முன்பே போத்தல் காலியாகிவிட்டது.

அந்த மூன்று கிழமையும் சின்யோரா உறங்கவில்லை. பகலில் நான் அவருடைய கால்களை மடக்கி நீட்டினேன், இரவில் சின்யோர் செய்தார். அவர் என்னை ஒரு தரமும் ஏசவில்லை. காலையில் நான் வேலைக்குப் போகும்போது கட்டிலருகே கதிரையிலேயே உறங்கிக் கிடப்பார். அவரை எழுப்பாமல், சின்யோராவின் காலை அவருடைய கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொள்வேன்.