அய்யம்மாளுக்கு விட்ட இடம்

செம்பட்டியிலிருந்து ஆத்தூருக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். அங்கே கத்தரித் தோட்டம் வைத்திருக்கும் சுருளிவேல் மாமா, வைகாசியில் மாரியம்மன் திருவிழாவுக்குப் பாடுவார். பாட்டும் அவரே கட்டுவதுதான். பக்கத்தில் நாகல் நகர் ஆவுடையப்பனின் ஆர்மோனியம், ஒரு டோலக். மாமா ஓர் அடி பாட, அவர் மனைவி அய்யம்மாள் அத்தை மறு அடி பாடுவாள். மேடைக்கு வரமாட்டாள். பெண்கள் கூட்டத்துக்குள் உட்கார்ந்தபடியே பாடுவாள். முகம் தெரியாது, குரல் மட்டும் எழும்பும்.

1960 ஐப்பசியில் அத்தைக்கு விஷக்காய்ச்சல் கண்டது. மாமா வத்தலக்குண்டில் பாட ஒப்புக்கொண்டிருந்தார். "காய்ச்சல்தானே, போய்ட்டு வாங்க" என்று அத்தையே அனுப்பி வைத்தாளாம். மறுநாள் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

தலைத்திவசம் கழிந்து வந்த திருவிழாவில், ஆர்மோனியம் வேண்டாம், டோலக்கும் வேண்டாம் என்றுவிட்டார் மாமா. தனியாக மேடையில் உட்கார்ந்து புதுப் பாட்டு ஒன்றை எடுத்தார்.

"மடை அடச்சு வந்திருக்கேன், வீட்ல ஆரு இருக்கா?"

அத்தோடு நிறுத்தினார். மறு அடி பாடி முடிக்கும் நேரம்வரை வாய் மூடி இருந்தார். பிறகு அடுத்த கேள்வி. பாட்டு முழுக்கக் கேள்விதான்.

"ஏலே, மாமனுக்குப் பாட்டு மறந்து போச்சுடா" என்றான் பின்னாலிருந்து ஒருவன். சிரிப்பு. சாமி முன்னால் ஒப்பாரி ஆகாது என்று பெரியவர்கள் முனகினார்கள். ஆவுடையப்பன் டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "பாதி கட்டின வீட்டுல குடியேறச் சொல்றாரு. இதெல்லாம் ஒரு பாட்டா?"

விடிந்ததும் பூப் பறிக்கப் போன இடத்தில், முன்னிரவு பெண்கள் கூட்டத்தில் இருந்த சிவனம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "மூணாவது கேள்விக்கு அய்யம்மா அக்கா பதில் சொல்லுச்சு. என் பக்கத்துல இருந்துதான் வந்துச்சு."

"ஆமாண்டி, 'இங்கனதான் இருக்கேன்'னு சொல்லுச்சு" என்றாள் சின்னக்கண்ணு.

இன்னொருத்திக்கு வேறு பதில் கேட்டிருந்தது. மத்தியானத்துக்குள் கேட்காதவர் என்று ஊரில் யாரும் இல்லை. முனகிய பெரியவர்களே, அடுத்த வருஷமும் தனியாகத்தான் பாட வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் ஆத்தூரிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தது சனம். அத்தை உட்காரும் இடத்தை, யாரும் சொல்லாமலே, பெண்கள் காலியாக விட்டு உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பன்கூட, "நடுவுல ஒரு குரல் சுருதி பிசகாம சேந்துச்சப்பா" என்றார்.

நான் அப்போதுதான் மதுரையில் பி.ஏ. தேறி வந்திருந்தேன். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். திருவிழாவுக்கு மறுநாள் மாமா என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நீ படிச்சவன். இருக்கிறதச் சொல்லு. உனக்கு அத்தை குரல் கேட்டுச்சா?"

"உங்களுக்கு மாமா?"

"ஊருக்கெல்லாம் பதில் சொல்றா. எனக்கு ஒரு வார்த்தை இல்ல. காய்ச்சல்ல விட்டுட்டுப் போனவன்கிட்ட என்ன பேச்சுன்னு இருக்கா போல."

ஊர் பாராட்டப் பாராட்ட அவர் ஏன் இளைத்துக்கொண்டே போனார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"செத்த நேரம் உக்காரு. இப்பப் பாடுறேன், கேட்டுச் சொல்லு."

வரப்பில் உட்கார்ந்து பாடினார். நிறுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கத்தரிச் செடிகளுக்கு நடுவே யாரும் இல்லை என்று தெரிந்தும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்ல மாமா. நேத்தும் கேக்கல. இப்பவும் கேக்கல."

"உன்னைத் தூக்கி வளத்தவ அவ. உன்மேல அவளுக்கு என்ன கோவம்?"

"ஒரு கோவமும் கிடையாது மாமா."

"அப்ப, அவ வரவே இல்ல." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "வந்துட்டுப் பேசாம இருக்கல. அது போதும்."

"இனிமே ஆர்மோனியத்தோட பாடலாமே மாமா?"

"அது எதுக்கு? அவ வராட்டியும் அவ எடத்த விட்டுத்தானே பாடணும்."

இன்றும் அப்படித்தான் பாடுகிறார். குரல் கேட்டது என்றுதான் ஊரும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நான் இப்போது திண்டுக்கல்லில் வேலையில் இருக்கிறேன். ஆபீசுக்கு நடக்கையில் சில நாள் அந்த முதல் அடி வாயில் வந்துவிடும். அடுத்த அடிக்குத் தாவ முடிவதில்லை. தெருவோரம் ஒதுங்கி, அத்தை பாடி முடிக்கும் நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறேன்.